முப்பதாம் நம்பர் நூலும் ராமானுஜனின் பட்டியலும்

(கணித நாளையொட்டித் திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கணக்கைப் பற்றிப் பேச்சு என்று நோட்டீசில் போட்டும் மண்டபம் நிறைந்திருக்கிறது. வேறு ஊராக இருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பேன். திருப்பூரில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பீஸ் ரேட், டஜன் விலை, டாலர் விலை, நூல் விலை, சாயக் கூலி, வட்டி என்று பொழுது விடிந்தால் கணக்கு, பொழுது சாய்ந்தால் கணக்கு. கணக்குத் தெரியாதவர் இந்த ஊரில் ஒரு சீசன் தாங்க மாட்டார். ஆனால் நான் பேச வந்தது பணக்கணக்கைப் பற்றி இல்லை. ஓர் எண்ணைப் பற்றி. ஒரே ஓர் எண்ணைப் பற்றி.

அந்த எண் இது: 6746328388800. பதின்மூன்று இலக்கம். நம் வழக்கப்படி வாசித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

பெரிய எண்தான். பெரிதாக இருப்பது ஒரு பெருமையா? இல்லை. இதோடு ஒன்றைக் கூட்டு என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை எண்கள் இதை மீதியில்லாமல் வகுக்கும்? பள்ளிக்கூடத்தில் காரணிகள் என்று படித்தோமே, அந்தக் காரணிகள் இதற்கு எத்தனை? 10080. இதைவிடச் சிறிய எண்கள் 6 லட்சம் கோடிக்கு மேல் இருக்கின்றனவே, அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு இத்தனை காரணிகள் உண்டா? ஒன்றுக்குக்கூட இல்லை. கால்குலேட்டர் இல்லாத காலத்தில், 1915-ஆம் ஆண்டில், இதைக் கண்டுபிடித்து அச்சிலும் ஏற்றினார் ஒருவர். அவர் பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஈரோட்டில். அவரிடம் பிறகு வருவோம். முதலில் நம் கம்பெனிக்குள் போய்விட்டு வருவோம்.

வெளிநாட்டு பையர் ஒருவர் 5000 பீஸ் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் தருகிறார். எஸ், எம், எல், எக்ஸ்எல் நாலு சைஸ். ரேஷியோ 1:2:2:1. அதாவது ஆறு பீஸ் ஒரு செட். 5000-ஐ ஆறால் வகுங்கள். 833 செட், 2 பீஸ் மீதி. சரி, டஜனாகக் கட்டலாமா? 416 டஜன், 8 பீஸ் மீதி. பெட்டிக்கு 24 போடலாமா? 208 பெட்டி, 8 மீதி. பெட்டிக்கு 36? 138 பெட்டி, 32 மீதி. எப்படித் திருப்பினாலும் கடைசிப் பெட்டி அரைகுறை. பேக்கிங் செக்‌ஷனில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு பெட்டிக்குத் தனி ஸ்டிக்கர், பேக்கிங் லிஸ்டில் தனி வரி, போனில் தனியாக ஒரு விளக்கம்.

இப்போது நாற்பது பீஸ் கூட்டி 5040 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பீஸ் செட்டா? 840 செட், மீதி இல்லை. டஜனா? 420. பெட்டிக்கு 24-ஆ? 210 பெட்டி. 36-ஆ? 140. 48-ஆ? 105. ஐந்து சைஸ் ஆகி ரேஷியோ 1:2:3:2:1 என்று மாறினாலும் 560 செட். எங்கேயும் மீதி இல்லை!

ஐயாயிரத்தை முழுமையான எண் என்று நினைத்தோம். எதைப் பார்த்து நினைத்தோம்? பின்னால் வருகிற மூன்று சைபரைப் பார்த்து. சைபர் எங்கிருந்து வந்தது? பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்தது. பத்துப் பத்தாக ஏன் எண்ணுகிறோம்? கையில் பத்து விரல் இருப்பதால். ஐயாயிரத்தைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை, ஐந்து நான்கு தடவை, அவ்வளவுதான் சரக்கு. மூன்றும் கிடையாது, ஏழும் கிடையாது. மொத்தம் 20 காரணிகள். 5040-க்கு 60. நாற்பது பீஸ் கூட்டினதற்கு மூன்று மடங்கு!

இந்த இடத்தில் நம் முன்னோர்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எண்சுவடியில் மா என்றால் இருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் 320-இல் ஒன்று. கீழ்முந்திரி என்று போனால் 102400-இல் ஒன்று. எத்தனை நுணுக்கம்! ஆனால் 320-ஐப் பிரித்தால் இரண்டும் ஐந்தும்தான் வருகின்றன. அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. மூன்றில் ஒரு பங்கு கேட்டால் வழியில்லை. மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் முந்திரிக் கணக்கு விழித்துக்கொண்டு நிற்கும். 320-க்கு 14 காரணிகள். 360 என்று வைத்திருந்தால் 24 கிடைத்திருக்கும். கிரேக்கத்தில் பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நகரத்துக்கு 5040 குடிகள் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒன்றிலிருந்து பத்து வரை எதனால் வகுத்தாலும் 5040 மீதியில்லாமல் போகும், நிலத்தைப் பங்கிடவும் வரியைப் பிரிக்கவும் வசதி என்பது அவருடைய நியாயம். அந்த விஷயத்தில் கிழவர் கெட்டிக்காரர்.

காரணிகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஒரு டிசைனை நாலு கலரில், மூன்று சைஸில் போட்டால் எத்தனை வகை என்று உங்கள் மெர்ச்சண்டைசரைக் கேளுங்கள். நாலு பெருக்கல் மூன்று, பன்னிரண்டு என்பார். இங்கேயும் அதே பெருக்கல்தான். 5040-க்குள் இரண்டு நான்கு தடவை இருக்கிறது, மூன்று இரண்டு தடவை, ஐந்து ஒரு தடவை, ஏழு ஒரு தடவை. ஒரு காரணியை உண்டாக்க வேண்டுமானால் இரண்டை எத்தனை தடவை எடுக்கலாம்? எடுக்காமலும் விடலாம், நான்கு வரையும் எடுக்கலாம், ஐந்து வழி. மூன்றை எடுக்க மூன்று வழி. ஐந்தை எடுக்கலாம், விடலாம், இரண்டு வழி. ஏழுக்கும் இரண்டு வழி. 5×3×2×2 = 60. முடிந்தது கணக்கு. இந்த ஒரு வித்தையைப் பிடித்துக்கொண்டால் இன்றைய பேச்சு முழுவதும் கையில் வந்துவிடும்.

வாருங்கள், நிட்டிங் யூனிட்டுக்குள் போவோம். 30 இஞ்ச் டயா மெஷின். சிங்கிள் ஜெர்சி ஓடுகிறது. டயாவில் இஞ்சுக்கு மூன்று ஃபீடர் வீதம் 90 ஃபீடர், அதாவது நூல் உள்ளே போகிற 90 இடம். யார்ன் டை ஸ்ட்ரைப் ஆர்டர். நேவி நான்கு ஃபீடர், வெள்ளை மூன்று ஃபீடர், ஆக ஏழு ஃபீடருக்கு ஒரு ரிப்பீட். மெஷினில் நூல் போடுகிறவர் நேவி நாலு, வெள்ளை மூன்று, நேவி நாலு, வெள்ளை மூன்று என்று கோன் மாட்டிக்கொண்டே சுற்றி வருகிறார். பன்னிரண்டு ரிப்பீட் முடிந்தால் 84 ஃபீடர். மீதி ஆறு. அந்த ஆறில் நேவி நாலு போட்டால் வெள்ளைக்கு இரண்டுதான் மிஞ்சும். மூன்று வர வேண்டிய வெள்ளைக் கோடு இரண்டோடு நின்று, அடுத்த சுற்று நேவியில் தொடங்கிவிடும். மெஷின் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் ஒரு வெள்ளைக் கோடு ஒல்லியாக விழும். துணி ரோலை விரித்தால் செக்கிங் பெண் முதல் பார்வையிலேயே விரல் வைத்துவிடுவார்.

மாஸ்டர் என்ன செய்கிறார்? ஆறு ஃபீடருக்கு நூலே கொடுக்காமல் நிறுத்திவிட்டு 84 ஃபீடரில் ஓட்டுகிறார். டிசைன் சரியாகிவிட்டது. உற்பத்தி? பதினைந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே கரண்ட், அதே ஆள், அதே வாடகை. போனது எதனால்? 90-ஐ ஏழு வகுக்காது என்பதனால். அதே ஆர்டரை 28 இஞ்ச் டயா, 84 ஃபீடர் மெஷினில் ஏற்றியிருந்தால் ஒரு ஃபீடரும் சும்மா நின்றிருக்காது.

பெரிய மெஷின் வாங்கினால் வசதி கூடும் என்று நினைக்கிறோம் இல்லையா? ஸ்ட்ரைப் விஷயத்தில் கணக்கு வேறு சொல்கிறது. 90 ஃபீடருக்கு 12 காரணிகள். 32 இஞ்ச் டயாவில் 96 ஃபீடர், அதற்கும் 12 காரணிகள். 34 இஞ்ச் டயாவில் 102 ஃபீடர். 102-க்கு எத்தனை? இரண்டு, மூன்று, பதினேழு. எட்டே எட்டுக் காரணிகள். மெஷின் பெரிசாச்சு, ரிப்பீட்டுக்கு வழி குறைந்துபோச்சு. ஊசிக் கணக்கும் இதே கதைதான். 30 இஞ்ச், 24 கேஜ், அதாவது இஞ்சுக்கு 24 ஊசி என்றால் சுற்றளவுக் கணக்குப்படி 2262 ஊசி பக்கம் வர வேண்டும். மெஷினில் 2256 என்றோ 2268 என்றோ இருக்கும். 2268 ஊசியில் 36 ஊசி அகல டிசைன் 63 தடவை கச்சிதமாக உட்காரும். 48 ஊசி டிசைன் உட்காராது. 2256-இல் 48 உட்காரும், 36 உட்காராது. ஜக்கார்டு ஓட்டுகிறவர்கள் தலையாட்டுகிறீர்கள், சந்தோஷம்.

இனி நூலுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

நூல் நம்பர் என்கிறோமே, முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர், அது எதன் நம்பர்? ஒரு பவுண்ட் எடையில் எத்தனை சிட்டம் நூல் இருக்கிறது என்கிற நம்பர். ஒரு சிட்டம் என்பது 840 கஜம். மில்லில் சோதனை செய்யும்போது ஒன்றரை கஜச் சுற்றுள்ள ரீலில் 80 சுற்று சுற்றி எடுப்பார்கள். அது 120 கஜம், ஒரு லீ. ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். அந்த ஏழும் இந்த ஏழும் அடிபட்டுப் போக, ஒரு லீ நூல் எத்தனை கிரெயின் என்று பார்த்து 1000-ஐ அதனால் வகுத்தால் நூல் நம்பர் வந்துவிடுகிறது. கிராமில் போட்டால் 64.8-ஐ எடையால் வகுக்க வேண்டும். முப்பதாம் நம்பர் என்றால் ஒரு லீ 2.16 கிராம் இருக்க வேண்டும். மெட்ரிக் வந்து இத்தனை காலம் ஆகியும் இந்த 840 நம் ஊரை விட்டுப் போகவில்லை.

840-ஐப் பிரியுங்கள். இரண்டு மூன்று தடவை, மூன்று, ஐந்து, ஏழு. 4×2×2×2 = 32 காரணிகள். 840-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 32 காரணிகள் கிடையாது. லீயின் 120? அதற்கு 16. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 16 கிடையாது. கீழே உள்ள எல்லாரையும் காரணியில் தோற்கடிக்கிற எண். இப்படிப்பட்ட எண்ணை மிகு பகு எண் என்கிறோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகிறது. டஜன் அங்கே இருக்கிறது. மணிக்கு 60 நிமிடம் அங்கே இருக்கிறது. வட்டத்துக்கு 360 பாகை அங்கே இருக்கிறது. நூல் சிட்டமும் அங்கே இருக்கிறது.

இப்போது ஒரு பெருக்கல். திருப்பூரில் அதிகமாகப் புழங்குகிற முப்பதாம் நம்பர் நூல், ஒரு பவுண்டில் எத்தனை கஜம்? 30 × 840 = 25200 கஜம். 25200-க்கு எத்தனை காரணிகள்? 90. அதற்குக் கீழே எந்த எண்ணுக்காவது 90 உண்டா? கிடையாது. 25200-ம் மிகு பகு எண்தான்! அறுபதாம் நம்பர் எடுங்கள்: 50400 கஜம், 108 காரணிகள், அதுவும் பட்டியலில் உண்டு. இருபத்துநாலாம் நம்பர்: 20160, உண்டு. நாற்பதாம் நம்பர்? 33600. அதற்கு 84 காரணிகள்தான். 25200-ஐவிடப் பெரிய எண், காரணியோ குறைவு. ஆகவே இல்லை. நாற்பதாம் நம்பர் ஓட்டுகிறவர்கள் வருத்தப்பட வேண்டாம், துணி நன்றாகத்தான் வரும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1680-இல் தொடங்கி, அதற்கு மேல் உள்ள மிகு பகு எண்கள் ஒவ்வொன்றும் 840-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அதாவது அவற்றில் எதைக் கஜமாக எடுத்துக்கொண்டாலும் முழுச் சிட்டமாகத்தான் வரும். நூற்பாலைக்காரர்களும் கணிதக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல இது. பங்கிட வசதியான எண் வேண்டும் என்று யார் தேடினாலும் இதே வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இனி ராமானுஜன்.

1887 டிசம்பர் 22, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தந்தை சீனிவாச ஐயங்கார் என்ன வேலை பார்த்தார், தெரியுமா? கும்பகோணத்தில் துணிக்கடையில் கணக்கு எழுதினார். நம் தொழில்காரர் வீட்டுப் பிள்ளை! கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு குமாஸ்தா. 1914 மார்ச் 17-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் மிகு பகு எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளிவந்தது. இங்கே பட்டம் கிடைக்காத அந்த மனிதருக்கு, அந்தக் கட்டுரைக்காகவே, 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அந்தக் கட்டுரையில் என்ன செய்தார்? எண்ணை அதன் உடற்கட்டால் அடையாளம் காட்டினார். மிகு பகு எண் என்றால் அதற்குள் பகா எண்கள் இடையில் ஒன்றும் விடுபடாமல் வரிசையாக இருக்க வேண்டும். ஏன்? 11-ஐ விட்டுவிட்டு 13-ஐ எடுத்திருந்தால், 13 இருந்த இடத்தில் 11-ஐ வையுங்கள். எண் சிறுத்துவிடும், காரணிக் கணக்கு அப்படியே இருக்கும். பிறகு எப்படி அது எல்லாரையும் தோற்கடித்ததாகும்? அதே நியாயப்படி சிறிய பகா எண், பெரிய பகா எண்ணைவிடக் குறைந்த தடவை வரக் கூடாது. இவ்வளவும் பத்தாம் வகுப்பு மாணவருக்கே புரியும். மூன்றாவது விதிதான் கடினம். கடைசியில் நிற்கும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4, 36 என்ற இரண்டு எண்களில் மட்டும் இந்த விதி தவறும். இதை நிரூபித்துக் காட்டினார்.

இந்தக் கண்ணோடு நம் எண்ணைப் பாருங்கள். 6746328388800. அதற்குள் இரண்டு ஆறு தடவை, மூன்று நான்கு தடவை, ஐந்து இரண்டு தடவை, ஏழு இரண்டு தடவை, அதன் பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. படிக்கட்டு இறங்குகிற மாதிரி 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. வழிகளைப் பெருக்குங்கள்: 7×5×3×3 = 315; ஐந்து பகா எண்களுக்கு இரண்டு இரண்டு வழி, 32. 315×32 = 10080. பட்டியலில் ராமானுஜன் எழுதிய கடைசி எண் இதுதான்.

இதைக் கஜமாக எடுத்து முப்பதாம் நம்பர் நூலாக்கினால்? 803 கோடியே 13 லட்சத்து 43 ஆயிரத்து 320 சிட்டம். முப்பதால் வகுத்தால் 26 கோடியே 77 லட்சத்து 11 ஆயிரத்து 444 பவுண்ட். கச்சிதம், ஒரு கஜம் மீதியில்லை. கிலோவில் சொன்னால் 12 கோடியே 14 லட்சம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அத்தனை நூலையும் 10080 விதமாகச் சம பங்கு போடலாம்.

பட்டியலில் அவர் எழுதிய எண்கள் 102. அவற்றுக்கு நடுவே ஓர் எண் விடுபட்டுப் போனது. ஒன்றே ஒன்று. அது 293318625600. 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் காரணிகள் எத்தனை? 5040! இதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண் வந்துவிடும். கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்து கண்ணில் படாமல் போயிருக்கிறது.

எனக்கு அந்த விடுபட்ட எண்ணின் மேல்தான் பிரியம். காரணம் சொல்கிறேன். அதற்கு 5040 காரணிகள். 5040 மிகு பகு எண். 5040-க்கு 60 காரணிகள். 60 மிகு பகு எண். 60-க்கு 12, மிகு பகு எண். 12-க்கு 6, மிகு பகு எண். 6-க்கு 4, அதுவும் மிகு பகு எண். நாலுக்கு மூன்று என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது. பட்டியலின் கடைசி எண்ணுக்கு இப்படி நடக்கிறதா? 10080 மிகு பகு எண்தான். அதற்கு 72 காரணிகள். 72-க்கும் 12 காரணிகள், 60-க்கும் 12 காரணிகள். சிறியவனிடம் இருப்பதுதான் பெரியவனிடமும் என்றால் 72 தோற்றது. இரண்டாம் படியிலேயே சங்கிலி அறுந்துவிட்டது. விடுபட்டுப் போன எண் பட்டியலில் ஏறிய எண்ணைவிட அழகானது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் டீக்கடைக்கு வரலாம்.

விடுபட்டது எண் மட்டுமா? பக்கங்களும் விடுபட்டன. கணிதக் கழகம் அப்போது பணமுடையில் இருந்ததால் கட்டுரை முழுவதும் அச்சாகவில்லை. மிச்சப் பகுதி கையெழுத்தாகவே கிடந்தது. பிரெஞ்சுக் கணிதர்கள் நிக்கோலாவும் ராபினும் குறிப்புகளோடு அதை 1997-இல்தான் அச்சில் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? காரணிகளை எண்ணுவதோடு நில்லாமல் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு தூரம் போகும் என்கிற ஆராய்ச்சியும் இருந்தது.

5040-இன் அறுபது காரணிகளையும் கூட்டினால் 19344. ஒவ்வோர் எண்ணுக்கும் இந்தக் கூட்டுத்தொகைக்கு எல்லை ஒன்று போடலாம். அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு இயல் மடக்கை எடுத்து, அந்த எண்ணாலும் 1.781 என்ற மாறிலியாலும் பெருக்கினால் வருவது. 5040-க்கு அந்த எல்லை சுமார் 19237. ஆக 5040 எல்லையைத் தாண்டிவிட்டது. நம் சிட்டத்தின் 840-ம் தாண்டுகிறது: கூட்டுத்தொகை 2880, எல்லை சுமார் 2853. 5040-க்கு மேல் தாண்டுகிற எண் ஒன்றாவது உண்டா? 1984-இல் ராபின் நிரூபித்தது இதுதான்: 1859-இல் கணிதர் ரீமான் முன்வைத்த கருதுகோள் சரி என்றால் 5040-க்கு மேல் எந்த எண்ணும் தாண்டாது, தவறு என்றால் ஏதோ ஓர் எண் தாண்டியே தீரும். ரீமான் கருதுகோளுக்கு 2000-ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருக்கிறார்கள். பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை. உலகத்தின் மிகக் கடினமான கணக்கு, பிளேட்டோவின் 5040-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

இந்தக் கூட்டுத்தொகைப் பாதையில் நடந்த இன்னொரு தமிழரையும் சொல்லியாக வேண்டும். எஸ். எஸ். பிள்ளை. 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். காரணிகளின் கூட்டுத்தொகையில் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் மிஞ்சுகிற எண்களை ஒரு வகையாகப் பிரித்து 1943-இல் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே எர்டோஷ் போன்ற கணிதர்கள் அந்த ஆராய்ச்சியை மேலே கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். ராமானுஜன் பெயரில் ஊர்தோறும் பள்ளி இருக்கிறது. பிள்ளையின் பெயரைக் கேட்டால் கணக்கு எம்.எஸ்.சி. படித்தவர்களே யோசிக்கிறார்கள். இது சரியில்லை.

‘காரணி அதிகம் இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பா?’ என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. பாங்கிக்குப் பணம் அனுப்பும்போது உங்கள் போனைக் காவல் காக்கும் முறைகளில் ஒன்று 1977-இல் மூன்று பேர் உண்டாக்கியது. அதில் 600 இலக்கத்துக்கு மேல் போகிற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணுக்கு எத்தனை காரணிகள்? நான்கே நான்கு: ஒன்று, அந்த எண், நடுவில் இரண்டு பெரிய பகா எண்கள். அந்த இரண்டைக் கண்டுபிடிக்க முடியாததுதான் உங்கள் பணத்துக்குப் பூட்டு. பங்கிடுவதற்குக் காரணி நிறைந்த எண் வேண்டும். பூட்டுவதற்குக் காரணி குறைந்த எண் வேண்டும். எந்த வேலைக்கு எந்த எண் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிக்கிறேன். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பையர் ஐயாயிரம் பீஸ் என்று சொன்னால், ‘5040 வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக் கணக்கு சரியாக வரும்’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மெஷின் வாங்கும்போது டயா, கேஜோடு ஃபீடர் எண்ணிக்கையையும் பிரித்துப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணிகள் பாடத்தை 45-க்கும் 60-க்கும் நடத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். நூல் சிட்டத்தை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் நூல் கோன் இருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு வேலையே கொடுத்துவிட்டுப் போகிறேன். விடுபட்ட எண்ணுக்கு முந்தைய மிகு பகு எண் 240940299600. அதற்கு 4800 காரணிகள். பிந்தையது 321253732800, அதற்கு 5376. 293318625600-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 5040 காரணிகள் கிடையாது என்று நீங்களே நிரூபியுங்கள். இன்று சொன்ன விதிகளும் பென்சிலும் நாலு தாளும் போதும். போட்டு முடித்ததும் உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.